கோட்டுக்கு இரண்டடி முன்னால்

அந்தப் பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. கதவில் ‘அனுமதி இல்லை’ என்று எழுதியிருக்கும். “அது வெளியில இருக்கிறவங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும்தான்” என்பார் அதற்குள் வேலை பார்த்தவர். பதினாறு திரைகள், தீ எச்சரிக்கைப் பலகை, லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் பேசுவதற்கு ஒரு இண்டர்காம், ஒரு நாற்காலி. பதினோரு வருஷமாக அவர் அதில் உட்கார்ந்து, கட்டடத்துக்குள்ளும் வெளியிலும் நடமாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையை ஆள் இல்லாமல் விடக் கூடாது. ஒன்றுக்குப் போவதாக இருந்தாலும் வாசல் காவலாளியைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர் இவர்.

மனைவி தபால் அலுவலகத்தில் வேலை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து கடிதம் கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தாள். நடை ஓட்டமாயிற்று, ஓட்டம் பந்தயமாயிற்று. மகளுக்குப் பன்னிரண்டு வயது. சின்ன வயதில் உருண்டையாக இருந்ததால் வீட்டில் பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். இருவரும் முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு வந்து, இவருக்குத் தெரியாத ஆட்களைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். இவருக்கு லீவு புதன்கிழமை. அன்றைக்கு வீட்டில் தனியாக டிவி பார்ப்பார். “அப்பாவுக்கு அது பதினேழாவது திரை” என்றாள் பட்டாணி.

ஒரு நாள் காய்கறிப் பையோடு மாடி ஏறும்போது இரண்டாவது தளத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். பட்டாணி பையை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கட்டிலருகே ஷூ மாட்டிக்கொண்டு நின்றாள்.

“வாப்பா. ஏரி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்.”

அப்படித்தான் தொடங்கியது. மனைவியும் சேர்ந்துகொண்டாள். முதல் வாரம் நடந்தார். மூன்றாவது வாரம் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஓடினார். ஏழு மணிக்கு வேலை என்பதால் ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்னென்னவோ நடந்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி வழி தவறி, யாருடைய கொல்லைப்புறத்திலோ இறங்கினார்கள். ஒரு நாய் பாய்ந்து வந்தது. இவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

“பயப்படாதீங்க, அது முப்பத்தேழாம் நம்பர் நாய். பதிவுத் தபால் கொண்டுபோனா மட்டும்தான் கடிக்கும்” என்றாள் மனைவி.

இன்னொரு நாள் வாய்க்கால் மேல் போகும் குழாயில் நடந்து அக்கரைக்குப் போனார்கள். பாதி வழியில் இவருடைய ஒரு ஷூ கழன்று தண்ணீரோடு போய்விட்டது. ஒற்றை ஷூவோடு வீடு வரை நொண்டினார். பின்னால் வந்த இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வந்தார்கள். அன்றைக்கு வேலையில், எட்டாவது திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவருக்குத் தானாகச் சிரிப்பு வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நினைத்துச் சிரிக்க இதுவரை தனக்கு ஒன்றுமே இருந்ததில்லை என்று தோன்றியது.

ஆனால் அதனால் ஒரு கஷ்டமும் வந்தது. முன்பு அந்த அறை வெறும் அறை. இப்போது அதற்கு நான்கு சுவர் இருப்பது தெரிந்தது. மேலே மழை பெய்கிறதா வெயிலா என்பதைத் திரையில் ஆட்கள் குடை பிடிப்பதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மூன்று மணி எப்போது ஆகும் என்று ஒன்பது மணிக்கே பார்க்கத் தொடங்கினார். சில நாள் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் திருகிப் பார்ப்பார். திறக்கத்தான் செய்யும். மூடிவிட்டு வந்து உட்காருவார்.

அந்தச் சமயத்தில்தான் ஏரிக்கரைச் சாலையில் குடும்ப ஓட்டம் நடத்துவதாக அறிவிப்பு வந்தது. ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர். ஏழு கிலோமீட்டர். மூன்று பேரும் கைகோத்து முடிவுக்கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு. பத்தரை மணிக்குக் கோட்டை மூடிவிடுவார்கள். பட்டாணி மூன்று பேரையும் பதிவு செய்துவிட்டுத்தான் சொன்னாள்.

ஞாயிறு காலை இவருடைய முறை. இரவு முறை பார்க்கிற ஆளோடு மாற்றிக்கொண்டார். அந்த ஆளுக்கு இவர்கள் வைத்திருந்த பெயர் குறட்டை. “ஏழு மணிக்கு டாண்ணு வந்துடுவேன், கவலையே படாதீங்க” என்றான் குறட்டை. இவர் சனிக்கிழமை இரவு முழுக்க விழித்திருந்து அவன் வேலையைப் பார்த்தார். ஷூ பையில் தயாராக இருந்தது.

ஏழு மணிக்கு அவன் வரவில்லை. ஏழேகாலுக்கும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்.

“ஞாயித்துக்கெழமை காலையில நான் யாரைத் தேடறது? பாக்கறேன். ஆனா ரூமை விட்டு எந்திரிச்சுடாதீங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.”

ஏழரைக்கு ஓட்டம். மனைவி கூப்பிட்டாள். “எங்க இருக்கீங்க?”

“உள்ளதான்.”

“சரி. நாங்க மெதுவா ஓடறோம். ஆள் வந்ததும் நேரா கோட்டுக்கு வந்துடுங்க. தாண்டாம அங்கேயே நிக்கறோம்.”

ஓட்டம் கட்டடத்தின் வாசலைத் தாண்டித்தான் போயிற்று. வெளிப்புறத் திரைகளில் இருவரும் வந்தார்கள். மூன்றாம் திரையில் நுழைந்து நான்கில் வெளியேறினார்கள். திரும்பி வரும்போது பட்டாணியின் சடை அவிழ்ந்திருந்தது. எட்டே முக்காலுக்கு ஒன்பதாம் திரையின் ஓரத்தில், காற்றடித்த பெரிய வளைவுக்குக் கீழே வெள்ளைக் கோடு போட்டிருந்த இடத்தில், இருவரும் நின்றுவிட்டார்கள். கோட்டுக்கு இரண்டடிதான். தொப்பி போட்ட ஒருவர் வந்து தாண்டுங்கள் என்று கை காட்டினார். மனைவி கட்டடத்தைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். குடும்பம் குடும்பமாக வந்து அவர்களைச் சுற்றிக்கொண்டு தாண்டிப் போனார்கள். பட்டாணிக்குக் கேமரா எங்கே என்று தெரியும். நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தாள். இவர் பதிலுக்குக் கையைத் தூக்கினார். பிறகு இறக்கிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு மேல் இண்டர்காம் அடித்தது.

“யாராவது இருக்கீங்களா? லிஃப்ட் நின்னுடுச்சு. லைட்டும் போயிடுச்சு.” துப்புரவுப் பணியில் இருக்கும் ஒரு பெண். வாளியோடு மேலே போகும்போது இரண்டு தளத்துக்கு நடுவே நின்றுவிட்டது.

“இருக்கேம்மா. பயப்படாதீங்க.”

“மூச்சு முட்டுதுங்கண்ணா.”

“முட்டாது. மேல காத்து வர்றதுக்கு ஓட்டை இருக்கு. வாளியக் கவுத்துப் போட்டு அது மேல உக்காருங்க.”

மெக்கானிக்கைக் கூப்பிட்டார். ஓட்டத்துக்காகச் சாலையை அடைத்திருக்கிறார்கள், சுற்றி வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார் மெக்கானிக்.

“அண்ணா, வெச்சுடாதீங்க” என்றாள் அந்தப் பெண்.

“வெக்கல.”

பேசிக்கொண்டே இருந்தார்கள். அவள் தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே மாட்டாள் என்று சொன்னாள். இவர் தன் ஒற்றை ஷூ கதையைச் சொன்னார். இருட்டில் அவள் சிரித்தது கேட்டது. ஓட்டம் பற்றிக் கேட்டாள். சொன்னார். மனைவியும் மகளும் நிற்பதையும் சொல்லிவிட்டார். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே பட்டது.

“அப்ப நீங்க போங்கண்ணா. நான் சும்மா உக்காந்திருக்கேன்.”

“பாக்கலாம். நேரம் இருக்கு.”

ஒன்பதாம் திரையில் பட்டாணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மனைவி நின்றுகொண்டுதான் இருந்தாள்.

பத்து மணிக்கு வாசல் காவலாளி கதவைத் திறந்து தலையை நீட்டினார். “என்னப்பா, வீட்டம்மா அங்க கொடிக்கம்பம் மாதிரி நிக்கறாங்க. கூட்டம் குறைஞ்சுடுச்சு, வாசல்ல ஒண்ணும் இல்ல. நீ ஓடிப்போய்ட்டு வா. நான் உக்காந்துக்கறேன்.”

அவர் எழுந்தார். ஷூவை மாட்டி முடிச்சுப் போட்டார். இண்டர்காமில் சொன்னார்: “அம்மா, ஒரு கால் மணி நேரம் வேற ஒருத்தர் பேசுவாரு. நல்ல மனுஷன்.”

அந்தப் பக்கம் வாளி தரையில் உராய்ந்தது. பிறகு, “சரிங்கண்ணா.”

ரிசீவரைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுக் கதவைத் தாண்டினார். படியில் நான்கைந்து ஏறியிருப்பார். பின்னால் காவலாளியின் குரல் கேட்டது. “ஹலோ, யாரும்மா அது? ஏன் அழறே? சொல்லு. ஹலோ.”

நின்றார். மேலே படிக்கட்டின் முடிவில் வெளிச்சம் சதுரமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இறங்கி வந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

“நான்தாம்மா. போகல.”

காவலாளி அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பத்தரைக்கு ஒருவர் வந்து வளைவின் காற்றைப் பிடுங்கினார். அது மெதுவாகக் குனிந்து சாலையில் படுத்தது. மனைவி பட்டாணியைத் தூக்கி நிறுத்தினாள். அந்தப் பிள்ளை கேமராவை ஒரு தடவை பார்த்தாள். இந்தத் தடவை கையசைக்கவில்லை. இருவரும் திரையை விட்டுப் போனார்கள்.

கால் மணி கழித்து மெக்கானிக் வந்து லிஃப்டைத் திறந்தார். அந்தப் பெண் வாளியோடு இவருடைய அறை வாசலில் வந்து நின்றாள். குரலை வைத்து இவர் நினைத்ததைவிட வயது குறைவு.

“அவங்க இன்னும் அங்கயே நிக்கறாங்களாண்ணா?”

“போயிட்டாங்க.”

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு, மிச்சமிருந்த தளங்களைத் துடைக்கப் போனாள்.

குறட்டை ஒன்றரை மணிக்கு வந்து சேர்ந்தான். போனில் சார்ஜ் இல்லை, அலாரம் அடிக்கவில்லை, இனிமேல் இப்படி நடக்காது. திட்ட வேண்டும் என்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. பதினான்கரை மணி நேரம் கழித்து மேலே ஏறினார். வெயில் முகத்தில் அறைந்தது.

வாசலுக்கு எதிரே மரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“வீட்டுக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“போலாம்னுதான் சொன்னேன். இவதான் வரமாட்டேன்னுட்டா” என்றாள் மனைவி.

பட்டாணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஷூவைப் பார்த்தாள். “கட்டித்தானே இருக்கு. ஓடு.”

மூவரும் தொடக்கத்திலிருந்து ஓடினார்கள். அடைத்த சாலையெல்லாம் திறந்துவிட்டிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் போக, நடைபாதையில் ஆட்களை விலக்கி விலக்கி ஓட வேண்டியிருந்தது. சட்டையில் பந்தய நம்பரைக் குத்திக்கொண்டு சாவகாசமாக மத்தியானத்தில் ஓடுகிறவர்களைக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “ரொம்பப் பின்தங்கிட்டீங்க போல” என்றார் ஒருவர். மனைவி சிரித்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் நின்றார்கள். இவருக்குத் தூக்கக் கலக்கத்தில் தரை மேலும் கீழும் அசைந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் ஓட்டம் நடையாயிற்று.

நான்காவது சிக்னலில் பட்டாணி வாயைத் திறந்தாள்.

“நீ வந்திருக்கலாம்ப்பா. பாக்கறதுக்கு ஆள் இருந்தாருன்னு வாசல் தாத்தா சொன்னாரு.”

அவர் லிஃப்டில் இருந்த பெண்ணைப் பற்றிச் சொன்னார்.

“அவங்ககிட்ட கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டேன். சரின்னாங்க.”

“அப்புறம் என்ன?”

“அந்தச் சரி சரியா இல்ல.”

விளக்கு பச்சையானது. அவள் நகரவில்லை. யோசித்தாள். “நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்.”

“இரு.”

“ரெண்டு நாளைக்கு இருப்பேன்.”

“சரி” என்றார். அவள் அவர் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தாள், கடந்த பிறகும் விடவில்லை.

முடிவுக்கோட்டைப் பஸ் டயர்கள் தேய்த்து அழித்திருந்தன. இங்கேதான் என்றாள் பட்டாணி. இல்லை, தபால்பெட்டிக்கு நேராக என்றாள் மனைவி. வாக்குவாதம் பண்ணிக்கொண்டே மூன்று பேரும் கைகோத்து நடந்ததில், எப்போது தாண்டினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு, ஒரு சிமெண்ட் திண்டில் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். இலைகளுக்கு நடுவே வானம் தெரிந்தது. அதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று அவருக்கு நினைவில்லை. எழுப்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது.

திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் மாதத்துக்கு ஒரு ஞாயிறு கேட்டார். “எல்லாரும் கேட்டா நான் எங்க போறது?” என்றார் அவர். அதோடு சரி. அறை அப்படியேதான் இருந்தது, பதினாறு திரையும் நான்கு சுவருமாக. எட்டு மணி நேரமும் அதில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு அடுத்த ஆள் வந்ததும் எழுந்திருக்கப் பார்த்தால் கால் நிமிர மறுத்தது. ஏதோ சாவி வாங்க வந்த வாசல் காவலாளி கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

“என்னப்பா ஆச்சு?”

“ஏழு கிலோமீட்டர் ஆச்சு” என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மேலே ஏறினார்.