சுந்தரதாஸிடம் ஒரு கேள்வி

என் தொழில் என்ன என்று நெய்யாற்றின்கரை கோர்ட் வாசலில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். முதலில் வியாபாரிகள் சங்கத்துக்காக வாதாடினேன். பிறகு அரசாங்கம் போட்ட ஒரு கொள்கைக் குழுவில் உட்கார்ந்தேன். இப்போது கம்பெனிகளுக்குத் தலைமை பற்றி ஆலோசனை சொல்கிறேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். உங்களுக்கு மூன்றாவது காலும் இருக்கிறது என்று என் மனைவி ஷீனா கேலி செய்வாள்.

உண்மையில் மூன்றிலும் வேலை ஒன்றுதான். அடுத்தவர் சொல்ல நினைத்ததை நான் சொல்ல வேண்டும். கோர்ட்டில் பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக் கூடாது என்பது பாலபாடம். குழுவிலோ பதில் முதலில் வந்துவிடும், கேள்வியை நாங்கள் பிறகு எழுதுவோம். எனக்கோ பிறவியிலேயே மூக்கை நுழைக்கும் புத்தி. அதை அடக்கி அடக்கியே தலை நரைத்துவிட்டது.

போன மாதம் அமரவிளை சுந்தரதாஸ் கூப்பிட்டார். ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் கம்பெனி முதலாளி. என் முதல் கட்சிக்காரர். வயதாகிவிட்டது. கம்பெனியை மகள் ஜிஜாவிடம் கொடுப்பதா, மகன் ஜித்தினிடம் கொடுப்பதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

ஒரு வாரம் கம்பெனியைச் சுற்றி வந்தேன். எண்ணெய் கெட்டாலும் லாரி வராவிட்டாலும் ஆட்கள் ஜிஜாவைத்தான் தேடினார்கள். வெளிநாட்டு வியாபாரத்தைப் பிடித்ததும் அவள்தான். வருடக்கணக்காக மாடாய் உழைத்திருக்கிறாள், அந்த நாற்காலிக்கு ஆசைப்படுவதை மறைக்கவும் இல்லை. ஜித்தின் தங்கமான பையன். கெட்டிக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதற்கு ஆலோசகர் எதற்கு, பக்கத்து வீட்டுக்காரனே சொல்லிவிடுவானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்கள் வீட்டில் கூட்டம். பிள்ளைகள் வருவதற்கு முன்பே சுந்தரதாஸ் என்னைக் கார் ஷெட் பக்கம் அழைத்துப் போய், ஜித்தின் பெயரைச் சொல்லிவிடும்படி மெல்லக் கேட்டுக்கொண்டார். நான் சொன்னால் ஜிஜா மறுபேச்சுப் பேசமாட்டாளாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முடிவு அவருடையது, நாக்கு மட்டும் என்னுடையதா? கோபத்தைவிட நமைச்சல் பெரிதாக இருந்தது. லாபத்தை மோப்பம் பிடிக்கிற மனிதர் ஏன் தெரிந்தே நஷ்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்?

எல்லோரும் உட்கார்ந்ததும், அப்பாவின் விருப்பம் ஜித்தின்தான், காரணத்தை அவரே சொல்லட்டும் என்று போட்டு உடைத்தேன். ஜிஜாவின் முகம் வெளுத்தது.

“ஏன் ஜித்தின்?” என்று சுந்தரதாஸிடம் கேட்டேன்.

சத்தியமாக எனக்குப் பதில் தெரியாது. ஆம்பளைப் பிள்ளை என்பார், ஒரு பிடி பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அவனாக்கும் என்னட்ட வந்து கேக்கியது. காய் எங்க எடுக்கணும், ஆரை நம்பணும், எல்லாம் கேப்பான். இவளுக்கு எல்லாம் தெரியும். இவ வந்தா என்னட்ட கேக்கதுக்கு ஒண்ணும் இல்ல. பின்ன நான் எதுக்கு வக்கீலே?”

ஜிஜா அழுதாள், கோபமா துக்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பேசியது ஜித்தின்தான். “அப்பா, அதெல்லாம் அக்கா கேக்கச் சொல்லி விட்டதாக்கும். அவ கேட்டா நீங்க எரிஞ்சு விழுவீங்கன்னு என்னை விடுவா. எனக்கு காயப் பற்றி என்ன தெரியும்?”

சுந்தரதாஸ் மகளைப் பார்த்தார். தமிழ்நாட்டுக் காய் வாங்கலாமா என்று கேட்டது அவளா என்றார். ஜிஜா தலையசைத்தாள். பழைய மேஸ்திரியைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டது? அதுவும் அவள்தான். ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி விசாரித்துக்கொண்டே போனார். குரல் வரவர இறங்கிக்கொண்டே வந்தது.

என் ஆலோசனை என்ன என்று யாரும் கேட்கவில்லை.

“மக்கா, நாளைக்கே நீ கம்பெனியில எனக்க கசேரையில இரி” என்றார் சுந்தரதாஸ் ஜிஜாவிடம். “சந்தேகம் வந்தா இவனை விடாண்டாம். நேரே என்னட்ட வா.”

ஜிஜா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“இப்பமே ஒண்ணு உண்டு அப்பா” என்றாள்.