பொன்னையாவின் பம்புக்கு வெட்டிய சுழி

தொண்ணூற்றுமூன்றில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னிக்குள் தீப்பெட்டி வருவதே பெரிய காரியம். கனகராயன்குளத்தில் என் பட்டறைக்கு சி.என்.சி. மெசின் எப்படி வந்ததென்றால், பதினொரு வைக்கோல் வண்டியில், துண்டு துண்டாக. நம்பாதவர்கள் மாடுகளைக் கேட்கலாம். திரையில் கணக்கைத் தட்டினால் அது இரும்பில் தானே துளை போடும். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயும் இலுப்பெண்ணெயும் குடித்ததால் பட்டறையில் கோயில் வாசம்.

அந்த வருடம் பிள்ளையார் கோயில் மணியின் நாக்குக் காணாமல் போனது. பொங்கலுக்குக் கூடிய சனத்தின் முன்னால் வயற்காரர் பொன்னையா என்னைக் காட்டிச் சொன்னார்: "வேற ஆர்? ராசுதான். உருக்கி மெசினுக்குப் புஷ் வளையம் அடிச்சிருப்பான்."

என் மகள் கமலாசனிக்கு நெடுங்கேணியில் பேசிய சம்பந்தம் அன்றே குழம்பியது. அவள் மூன்று நாள் சோறு தொடவில்லை. பொன்னையாவின் தண்ணீர்ப் பம்பு உடையட்டும் என்று நான் காத்திருந்தேன்.

சிறுபோகமென்ற கோடை விதைப்பில், கதிர் தள்ளுமுன் குடலைப் பருவத்தில் நெல் தண்ணீருக்கு நிற்க, உடைந்தது. மூடி வெடிப்பு, பம்பின் ஆணித் துளைகளும் தேய்வு. வேறு பட்டறை கிடையாது, என்னிடம்தான் கொண்டுவந்தார்.

"புது மூடியிலை பிள்ளையார் சுழியும் வெட்டிவிடு ராசு," என்றார். ஆட்டின் காதில்கூடச் சுழி போடுகிற மனுசன்.

"ஓம் அண்ணை, வடிவா வெட்டுவம்."

திரையில் தட்டினேன்: வட்டத்தின் மையம், ஆரை, துளைகள் ஆறு, இடைக்கோணம் அறுபது பாகை. ஆறாவது துளையை மட்டும் மூன்று பாகை தள்ளினேன். பம்பிலும் அப்படியே, மூடியிலும் அப்படியே. இனி மூடி ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும். அந்த நிலையில் தலைகீழாக நிற்கும்படி சுழியை வெட்டி, பம்பையும் மூடியையும் பூட்டாமலே கொடுத்தனுப்பினேன்.

நாலாம் நாள் மத்தியானம் பொன்னையா மூடியோடு வந்தார். முகம் வைக்கோல் நிறம்.

"பூட்டேலாதடா. ரெண்டு ஆணி மாட்டன் எண்டுது."

"திருப்பிப் பூட்டிப் பாத்தனீங்களோ?"

"சுழியைத் தலைகீழாக்கவோ? விசரோ உனக்கு? வயல் வெடிச்சுப் போச்சு!"

"அப்ப பிள்ளையாருக்குத்தான் ஏதோ கோபம். என்னெண்டு அவரைக் கேளுங்கோ."

அவர் நிலத்தைப் பார்த்தார். பிறகு, "அந்த மணி நாக்கு..." என்றார். "ஆட்டுக்கு முளை அடிக்க நான்தான் எடுத்தனான். திருப்பி வைக்க மறந்து போனன்."

அவர்தான் எடுத்தார் என்பது எனக்கே புதினம். முகத்தில் காட்டவில்லை.

"எனக்கேன் சொல்லுறியள்? சனத்துக்குச் சொல்லுங்கோ."

வெள்ளிக்கிழமைப் பூசைக்குத்தான் சனம் கூடும். அதுவரை இன்னும் இரண்டு நாள் வயல் காய்ந்தது, நான் அவசரப்படுத்தவில்லை. வெள்ளியன்று மணி நாக்கைக் கையில் பிடித்தபடி பொன்னையா எல்லாவற்றையும் சொன்னார். கமலாசனி முன்வரிசையில் நின்று கேட்டாள். அவளை அங்கே நிறுத்தியது நான்தான்.

சனியன்று அதே சுழியை நூற்றெண்பது பாகை திருப்பி, மூடியின் எதிர் விளிம்பிலும் வெட்டு என்று மெசினுக்குச் சொன்னேன். புதுச் சுழி மேலே நேராக நிற்க, மூடி பொருந்தியது, தண்ணீர் பாய்ந்தது.

"கீழை ஒண்டு தலைகீழா நிக்குதே?" என்றார்.

"அது எலிக்கு அண்ணை."

காய்ந்த இரண்டு ஏக்கர் காய்ந்ததுதான். அவர் இன்றுவரை அதைப் பிள்ளையாரின் கணக்கிலேயே வைத்திருக்கிறார். போகத்துக்குப் போகம் என் பட்டறை வாசலில் தேங்காய் உடைப்பார். கமலாசனி பொறுக்கிச் சம்பல் இடிப்பாள்.