பூண்டு பூசாத முதுகு

சின்னத்தாயி குப்புறப் படுத்திருந்தாள். கொரோனா வார்டில் மூச்சு சீராவதற்காக அவளை அப்படித்தான் படுக்கச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் முதுகில் தொடங்கிய அரிப்பு, விடிவதற்குள் தடிப்புத் தடிப்பாகச் சிவந்து விலாவரைக்கும் இறங்கிவிட்டது. பார்க்க வந்த டாக்டர் கட்டிலுக்கு எட்டியே நின்று, எந்த ஊர் என்று கேட்டார். கொடைக்கானல் மலைமேல் இருக்கிற கவுஞ்சி என்றாள். அவ்வளவுதான், மனுஷர் முடிவு கட்டிவிட்டார்.

"சளிக்கு நல்லதுன்னு பூண்டு அரைச்சுப் பூசினீங்களா?"

பூசவில்லை என்றாள். ஆக்சிஜன் முகமூடிக்குள் அது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொல்வதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார். இந்த மலைக்காரர்கள் எதையாவது பூசிக்கொண்டு வந்து நம் உயிரை எடுக்கிறார்கள், சோப்புப் போட்டு நன்றாகத் துடைத்துவிடு என்று நர்ஸ் சண்முகப்பிரியாவிடம் அவர் சொன்னது மட்டும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

கவுஞ்சியில் பூண்டு விளைகிறது, வாஸ்தவம். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து சின்னத்தாயிக்கு அதுதான் சோலி. பச்சைப் பூண்டை அரைத்து வைத்தால் தோல் வெந்துபோகும் என்று அந்த ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். அதை முதுகு நிறைய அப்பிக்கொள்ள அவளுக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது? அப்படியே பூச நினைத்தாலும் கை எட்ட வேண்டாமா? புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் முதுகைத் தேய்த்துவிட அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? இதில் ஒன்றையாவது அந்த ஆள் கேட்டிருக்கலாம்.

சண்முகப்பிரியா நல்ல பெண்தான். ஆனாலும் சொன்னதைச் செய்தாள். சோப்புத் துணி பட்ட இடமெல்லாம் தீயாய் எரிந்தது. சின்னத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அதைவிட எரிந்தது மகன் பேசிய பேச்சு. திருப்பூரில் இருந்த மகன் ஆனந்திடமும் டாக்டர் போனில் இதையே சொல்லிவிட்டிருந்தார். உடனே அவன் இவளைக் கூப்பிட்டான்.

"படிச்சவங்க பொய்யா சொல்றாங்க? ஏம்மா இப்படி மானத்த வாங்குற?"

பதில் பேச அவளுக்கு மூச்சு வேண்டுமே. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள், பெற்ற பிள்ளையின் காதிலுமா ஏறாது? இந்த முதுகில் அவனைக் கட்டிக்கொண்டுதான் அவள் காட்டில் களையெடுத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் சிவபாக்கியம் கிடந்தாள். கொடைக்கானலில் லாட்ஜ் வைத்திருக்கும் குடும்பம். தனியாரில் எங்கேயும் படுக்கை கிடைக்காமல் இந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவள். இரண்டு நாளில் அவள் முதுகிலும் அதே தடிப்பு எழும்பியது. இப்போது டாக்டர் குனிந்தார். டார்ச் அடித்தார். கையுறையோடு தொட்டுப் பார்த்தார். படம் பிடித்து யாருக்கோ அனுப்பிக் கேட்டார். பயப்படாதீங்க மேடம், இந்த வைரஸ் சிலருக்குத் தோலிலும் காட்டும், மாத்திரை தருகிறேன் என்றார்.

சின்னத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகமூடியைக் கையால் தூக்கினாள்.

"சார், அந்தம்மாவும் பூண்டு பூசிக்கிட்டாங்களா?"

சண்முகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். "இவங்களுக்கும் அதே மாத்திரையக் குடுங்க" என்று டாக்டர் நர்ஸிடம் சொல்லிவிட்டு நடந்தார். தப்பாய்ச் சொல்லிவிட்டேன் என்ற ஒரு வார்த்தைக்கு அந்த வாயில் இடமில்லை.

சாயங்காலம் ஆனந்த் வீடியோவில் கூப்பிட்டான். இனியாவது டாக்டர் சொல்கிறபடி கேள் என்று ஆரம்பித்தான். சின்னத்தாயி போனைச் சண்முகப்பிரியா கையில் கொடுத்துவிட்டுக் குப்புறப் புரண்டாள். ஆஸ்பத்திரி அங்கியின் முதுகுப் பக்கத்து நாடாவை அவிழ்க்கச் சொன்னாள்.

"காட்டு தாயி. எம்மகன் நல்லாப் பாக்கட்டும்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சிவபாக்கியம் மெல்ல மறுபக்கம் திரும்பி, தன் முதுகையும் காட்டிப் படுத்தாள். சண்முகப்பிரியா ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குப் போனை நகர்த்தினாள். இரண்டு முதுகும் ஒரே மாதிரி சிவந்து கிடந்தன. ஒன்றில் மட்டும் சோப்புத் துணி தேய்த்த இடம் தோலுரிந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.