ஒன்பதே காலுக்கு ஒரு பள்ளம்

கட்டற்ற ஃபயர்வால் மென்பொருள் ஒன்றின் வேகத்தை ஓடைப்பட்டி வீட்டிலிருந்தே சோதிப்பது என் வேலை. நொடிக்கு எத்தனை லட்சம் தரவுப் பாக்கெட்டுகளை வடிகட்டுகிறது என்று லேப்டாப் அளந்து கோடு போடும். தினமும் காலை ஒன்பதே காலுக்கு அந்தக் கோடு பள்ளத்தில் விழும். மூன்று மாதமாக, மென்பொருளை எழுதியவர்களைக் கண்டபடி திட்டி மெயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடிந்ததும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. சோதனை தன்பாட்டுக்கு ஓடியிருந்தது. பதினாறு நாளும் கோடு நேராகக் கிடந்தது. பிழை சரியாகிவிட்டதென்று எழுதத் தொடங்கினேன்.

அம்மா காபியோடு வந்தாள். "திராட்சைப் பந்தல் காயுது, ஆத்தா. அவுக போனதுல இருந்து மோட்டாரை யாரும் போடல."

தினமும் ஒன்பதே காலுக்கு அப்பா மோட்டார் போட்டால் வீட்டில் வோல்டேஜ் இறங்கும். லேப்டாப் பேட்டரிக்கு மாறி மெதுவாகிவிடும். இது இத்தனை நாளும் எனக்குத் தோன்றவே இல்லை.

எழுதியதை அழித்தேன். ஒன்பதே காலுக்குத் தோட்டத்துக்குப் போய் மோட்டாரைப் போட்டேன். திரும்பி வந்தபோது, அதே இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. மோட்டார் ஓடி முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.