வெங்கிடராமன் வீட்டு ஆரத்திச் சுவர்

மட்டாஞ்சேரியில் தன் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராகிவிட வேண்டும் என்பது வெங்கிடராமனின் வெகுநாள் ஆசை. எல்லாக் கட்சியும் எல்லா மதமும் குடியிருக்கும் தெரு. எவர் பக்கமும் சாயாதவர் என்று பேரெடுத்தால்தான் ஓட்டு விழும். ஆகவே தேர்தலுக்கு முன் வீட்டின் முன்சுவருக்கு யாருக்கும் உறுத்தாத இளமஞ்சள் அடிக்கத் தீர்மானித்தார். கடைப் பெயிண்டில் விஷம் இருக்கிறது, விலையும் இருக்கிறது என்று வாளி நிறையச் சுண்ணாம்பைக் கரைத்து, மஞ்சள்பொடியைத் தானே கொட்டினார்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்பது ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். வெங்கிடராமன் எல்லாக் கல்யாணத்திலும் அந்நேரம் பந்தியில் இருந்தார்.

சுவர் ஆரஞ்சாகப் பற்றி எரிந்தது. பக்கத்துக் கொச்சங்காடிக் காக்கைகள் அஸ்தமனம் என்று நினைத்து உச்சிவெயிலில் கூடு திரும்பின. சில மறுநாளும் எழுந்திருக்கவில்லை.

"ஏன்னா, வீட்டுக்கே ஆரத்தி எடுத்திருக்கேளே!" என்றாள் மனைவி லோகாம்பாள்.

காவிக் கொடிக்காரர்கள் வந்து, "கடைசீல ஸ்வாமிக்கு தைரியம் வந்துடுச்சே!" என்று கட்டிக்கொண்டார்கள். செங்கொடிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எதிர்வீட்டு மிளகு வியாபாரி மொய்து படியேறி வந்தார்.

"ஸ்வாமீ, நேத்து வரைக்கும் நம்ம வீட்டுச் சாயா குடிச்ச ஆளுதானே? கட்சி மாறினா ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா?"

வெங்கிடராமனுக்கு வியர்த்தது. நல்லவேளையாக உலகக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது.

"கட்சியாவது, கொடியாவது! இது ஹாலண்டாக்கும் மொய்து. பந்துகளி! அவா போட்டுண்டு ஆடற சட்டை நிறம்!"

செய்தி பரவியதும் காவி சிரித்தது, சிவப்பு கைகுலுக்கியது. மதம், அரசியல் எல்லாவற்றையும் தெரு பெரிய மனதோடு மன்னித்தது. மொய்துவின் முகம் மட்டும் கறுத்தது.

"அப்போ ஸ்வாமி அர்ஜென்டீனா இல்லையா?"

"சும்மா, ஒரு இதுக்கு..."

"கட்சின்னா பொறுத்துக்கலாம் ஸ்வாமீ. இதை எப்படிப் பொறுக்கறது?"

அந்தத் தெருவில் பாதி அர்ஜென்டீனா, மீதி பிரேசில். பிரேசில்காரர்களையாவது பிடிக்கலாம் என்று வெங்கிடராமன் வீடுவீடாக அலைந்தார். அதற்குள் வெயிலில் சாயம் வெளுத்து, தேர்தலன்று சுவர் அவர் முதலில் ஆசைப்பட்ட மஞ்சளுக்கே வந்து சேர்ந்தது. பிரேசில் சட்டையும் மஞ்சள்தான். ஆனால் போட்டி பாதியில் இருக்கும்போது அணி தாவுகிறவனை எப்படி நம்புவது என்று பிரேசிலும் கைவிட்டது.

எண்ணிப் பார்த்தால் வெங்கிடராமனுக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அதைப் போட்டது தான்தான் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"லோகா, உன் ஓட்டு எங்கேடி போச்சு?"

"ஏன்னா, நான் அர்ஜென்டீனா," என்றாள் அவள், தோசையைத் திருப்பிப் போட்டபடி. "கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே. நீங்க எப்போ கேட்டேள்?"