வலது பக்கத்துப் பதில்கள்

திரையில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. எழுதியது யார் என்று போட்டிருக்கவில்லை. மதிப்பெண் போட வேண்டும், அவ்வளவுதான். பல்கலைக்கழக நூலகத்தின் உதவி மேசையில் இரண்டு பேர் இருந்தார்கள். இந்த வருடத்தோடு ஒருவர்தான் என்று பேச்சு. இந்த ஒப்பீடு அதற்காகத்தான் என்று அக்கா தானாகவே முடிவுகட்டி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

அக்கா என்பது மாணவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்த பெயர். ஆய்வுக் கட்டுரை கிடைக்காமல் தவிக்கிறவர்கள் அரட்டைப் பெட்டியில் அவளுக்குத்தான் எழுதுவார்கள். "பதறாதீங்க, தேடிப் பாத்துடலாம்" என்று ஆரம்பித்து, என்றைக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்று விசாரித்து, எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்பதுவரை சொல்லித் தருவாள். எதிர் நாற்காலிக்காரன் வாயே திறக்க மாட்டான். ஊமைக்கோட்டான் என்று அவள் வைத்த பெயர் நூலகம் முழுக்கப் பரவியிருந்தது. அவன்மேல் அவளுக்குப் பகை ஒன்றும் இல்லை. அவன் இருந்தால் அவள் இருக்க முடியாது, அதுதான் சங்கடம்.

இடது பக்கத்துப் பதில்கள் "பதறாதீங்க" என்று தொடங்கின. தன் பதில் தனக்குத் தெரியாதா? வலது பக்கத்தில் இரண்டே வரி: "மூணாவது மாடி. இல்லன்னா மின்னிதழ்ல பாருங்க." கோட்டானைத் தவிர வேறு யார் இப்படி எழுதுவார்கள்? இடதுக்கு அள்ளிப் போட்டாள். வலதுக்கு வரிசையாக முட்டை. அதோடு விட்டிருக்கலாம். கீழே இருந்த கட்டத்தில், 'இவருக்கு மாணவர்கள்மேல் துளியும் அக்கறை இல்லை. இவரை இங்கே வைத்திருப்பது தண்டம்' என்று எழுதி அனுப்பினாள். அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் தலைமை நூலகர் கூப்பிட்டார்.

"பெரிய உதவி பண்ணீங்கம்மா. இடது பக்கம் எல்லாம் நம்ம புது மென்பொருள் எழுதினது. உங்க பழைய அரட்டையெல்லாம் போட்டுத்தான் பழக்கினோம்."

"அப்ப வலது பக்கம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வருஷம் நீங்க எழுதினதும்மா."

போன வருடம் ஆஸ்பத்திரியில், ஒரு கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டியவை. அதில் ஒரு வரிகூட அவளுக்கு நினைவில்லை.

"மென்பொருளப் பாத்துக்க ஒருத்தர் போதும், அந்தத் தம்பி பாத்துப்பார். கமிட்டியில உங்க குறிப்ப அப்படியே படிச்சேன். தண்டம்னு எழுதியிருந்தீங்களே, அதுக்கப்புறம் யாரும் பேசவே இல்ல."

வெளியே வந்தபோது ஊமைக்கோட்டான் அவள் பொருட்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். உடைந்துவிடக் கூடாதென்று கோப்பையைக் காகிதத்தில் சுற்றினான். இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அவனாகவே பேசினான்.

"வலது பக்கம் உங்களோடதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுதுக்கா. அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப எழுதினது. எனக்கும் அந்த ஒப்பீட்ட அனுப்பியிருந்தாங்க, எல்லாத்துக்கும் முழு மார்க் போட்டேன். ஏன் எடுபடலன்னுதான் புரியல." பெட்டியை ஒட்டிவிட்டு நிமிர்ந்தான். "நீங்க எவ்வளவு போட்டீங்க?"

அக்கா பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்த ஒரு மாணவி, அவளைத் தாண்டிப் போய், மேசைமேல் புதிதாக நிறுத்தியிருந்த திரையில் எதையோ தட்டினாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக ஓடி வந்தன.

"பதறாதீங்க, தேடிப் பாத்துடலாம்."