வெண்ணெய் வாசம்

தவக்காலத்தில் அஸ்கலாவின் உதடுகள் கோஜாம் மலைநாட்டின் வறண்ட காற்றில் வெடித்துவிடும். அவள் எதுவும் தடவமாட்டாள். நோன்பில் இறைச்சி, பால், வெண்ணெய் கூடாது. எல்லோருக்கும் அது சாப்பாட்டோடு சரி. அவள் தலைமுடிக்கு வெண்ணெய் வைப்பதையும் நிறுத்திவிடுவாள். "பாவம், எப்படி வத்திட்டா," என்பார்கள் தெருவில். அவள் காதில் விழாததுபோல் மெதுவாக நடப்பாள்.

அந்தப் புதன்கிழமை பிற்பகலில் பூசை முடிந்தது. அதுவரை யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தெருப்பெண்கள் அஸ்கலா வீட்டில் நோன்பு முடிக்க உட்கார்ந்தார்கள். ஒரே பெரிய தட்டில் இஞ்சேரா என்னும் புளித்த மாவு ரொட்டி, மேலே கடலைமாவுக் குழம்பு. எல்லோர் கையும் அதில்தான்.

அடுத்த வீட்டுத் தெப்ரித்து கடைசியாக வந்தாள். கணவனை இழந்தவள், தனியாக இருப்பவள். முகம் பளிச்சென்று கழுவியிருந்தது. முடியில் வைத்த வெண்ணெய் உருகிக் கழுத்தில் இறங்கியது.

"வாசம் தூக்குதே," என்றாள் அல்கனேஷ்.

"தலையில மட்டுந்தானா, தட்டுலயும் இருந்துச்சா?" என்றாள் அஸ்கலா.

எல்லோரும் சிரித்தார்கள். தெப்ரித்துவும் சிரித்தாள்.

அஸ்கலா எழுந்துபோய் ஒரு சின்னத் தட்டில் இஞ்சேரா வைத்துக் கொண்டுவந்தாள். "நீ இதுல சாப்பிடு கண்ணு. இவங்கெல்லாம் நோன்புக்காரங்க."

தெப்ரித்து தட்டைப் பார்த்தாள். "பசி இல்லக்கா," என்றாள். ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டுப் போனாள். சின்னத் தட்டில் இருந்ததை அஸ்கலா நாய்க்குப் போட்டாள்.

மறுநாள் வடிகட்டி கேட்கும் சாக்கில் தெப்ரித்துவின் வீட்டுக்குப் போனாள். அவள் நோன்பில் வெண்ணெய் தின்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அல்கனேஷிடம் சொல்லலாம். கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. அஸ்கலா பானைகளைத் திறந்தாள். ஒவ்வொன்றும் காலி. அடுப்புக் கற்களுக்கு நடுவே சிலந்தி வலை பின்னியிருந்தது. ஒரு மண்சட்டியில் ஒரு கைப்பிடிக் கடலை தண்ணீரில் ஊறியது. மூலையில் சீப்பு. பக்கத்தில் ஒரு சுரைக்குடுவையில் கொஞ்சம் வெண்ணெய்.

தெப்ரித்து முதுகில் தண்ணீர்க்குடத்தோடு உள்ளே வந்தாள். அஸ்கலாவின் கையில் பானை மூடி இருந்தது.

"என்ன தேடுறீங்கக்கா?"

"வடிகட்டி."

"அது பானைக்குள்ள இருக்காதே."

அஸ்கலா சட்டியைப் பார்த்தாள். "இதான் சாப்பாடா? தினமுமா?"

"பொழுது சாஞ்சப்புறம். நீங்கெல்லாம் கூடுற அன்னைக்கு மட்டும் உங்களோட. வரலேன்னா ஏன்னு கேப்பீங்களே."

"அப்ப நேத்து பட்டினியா?"

தெப்ரித்து குடத்தை இறக்கினாள்.

"தலையில வெண்ணெய் எதுக்கு?"

"இப்படி நோன்பிருக்கேன்னு மூஞ்சியப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுல்ல."

அஸ்கலா தன் உதட்டை நாக்கால் தொட்டாள். எரிந்தது.

"நாளைக்கே எல்லார் முன்னாடியும் சொல்றேன். உன் கால்ல விழுறேன்."

"வேண்டாம்." அவள் குரல் அப்படிக் கடுமையாகி அஸ்கலா கேட்டதில்லை. "ஆண்டவருக்குன்னு நான் மறைச்சு வச்சிருக்கிறது இந்த நோன்பு ஒண்ணுதான். அதையும் ஊருக்குக் குடுத்துடாதீங்க."

"அப்ப நான் செஞ்சதுக்கு?"

"அத நீங்க வச்சுக்கங்க." தெப்ரித்து ஆணியில் தொங்கிய வடிகட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அல்கனேஷ் வீட்டில் கூடினார்கள். கதவோரம் ஒரு சின்னத் தட்டு தயாராக இருந்தது.

"அஸ்கலாக்கா சொல்லிக்குடுத்தது," என்றாள் அல்கனேஷ். பெருமையாகவே சொன்னாள்.

தெப்ரித்து பளபளக்கும் தலையோடு வந்து அந்தச் சின்னத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். உண்மையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அஸ்கலா பெரிய தட்டை விட்டு எழுந்துபோய்க் கதவோரம் உட்கார்ந்தாள். சின்னத் தட்டில் கை வைத்தாள்.

"நீங்களுமாக்கா?" என்றாள் அல்கனேஷ்.

"உதட்ட வெடிக்க விட்டுட்டு, உள்ள என்னத்தத் தின்னாங்களோ," என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

அஸ்கலா மென்றுகொண்டிருந்தாள். தெப்ரித்து தன்னை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று காத்திருப்பது அவளுக்கே தெரிந்தது. தெப்ரித்து பார்க்கவில்லை. பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அஸ்கலா அடுத்த கவளத்தை எடுத்தாள். வாயருகே கொண்டுபோனதைத் தட்டில் தெப்ரித்துவின் பக்கமாக வைத்தாள். பிறகு சட்டென்று சுற்றிலும் பார்த்தாள், யாராவது பார்த்துவிட்டார்களா என்று.